பென்சில் குறி போட்ட இடங்களில்

தூத்துக்குடி,
வியாழன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். திங்கட்கிழமை உன்னைப் பார்க்க மனு போட்டுவிட்டு பாளையங்கோட்டை ஜெயிலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். நீ வர மாட்டேன் என்றுவிட்டாயாம். அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மாவிடம், "பார்த்தேன், கொஞ்சம் இளைத்திருக்கிறான், மற்றபடி நன்றாக இருக்கிறான்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ அவளுக்கு எழுதினால் அதற்கு ஒத்தாற்போல் எழுது.

தீர்ப்பு வந்து இன்றோடு 41 நாள். ஹைகோர்ட்டில் அப்பீல் போட 60 நாள்தான் கெடு. தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், தாமதமானாலும் காரணம் சொல்லி மனு போடலாம் என்கிறார் வக்கீல். ஒரு கையெழுத்தில் முடிகிற காரியத்துக்கு அந்தக் கெஞ்சல் எல்லாம் எதற்கு? வக்காலத்து உன் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கையெழுத்துப் போட்டு அங்கேயே சான்றொப்பமும் வாங்கிக் கொடுத்துவிட்டால் மறுநாளே மதுரைக்கு எடுத்துப் போவேன். மாட்டுத்தாவணியில் இறங்கி மேலூர் ரோட்டில் போனால் ஹைகோர்ட் வந்துவிடுகிறது. போய்ப் பார்த்துவிட்டே வந்தேன்.

பீஸ்தான் யோசனை என்றால், ஜெயிலில் இருக்கிறவனுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதுவும் வேண்டாமா, நீயே ஒரு மனு எழுதிச் சிறை அதிகாரியிடம் கொடு. அவர்கள் அதைக் கோர்ட்டுக்கு அனுப்பியே ஆகவேண்டும். அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் என்று உள்ளே யாராவது பயமுறுத்தியிருந்தால் காதில் வாங்காதே. நாம் போடுகிற அப்பீலில் கூட்ட முடியாதாம். கையெழுத்துப் போடு.

அத்தை மகளுக்கு நிச்சயம் முடிந்தது. நம்மைக் கூப்பிடவில்லை. சரி, அதை விடு.

தெருவில் முதன்முதலில் டிப்ளமா முடித்தவன் நீ. எத்தனை பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறாய்! முகம் தெரியாத ஒருத்தி பேஸ்புக்கில் வந்து, அந்தக் கப்பலைப் படம் எடு, இந்தப் படகைப் படம் எடு என்றால், உனக்கு எதற்கம்மா இது என்று கேட்கத் தோன்றவில்லையா? வெள்ளைக்காரன் 1923-ல் போட்ட அரசாங்க ரகசியச் சட்டம் இது. இன்ன கெடுதல் செய்தான் என்று தனியாக நிரூபிக்காவிட்டாலும், ஆளின் நடத்தையை வைத்தே உள்நோக்கத்தை முடிவு செய்யலாம் என்று மூன்றாம் பிரிவில் இருக்கிறதாம். வக்கீல் குமாஸ்தா தீர்ப்பைத் தமிழில் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். 34-ஆவது பத்தி வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பெற்ற தகப்பனுக்கே தெரியாமல் அவருடைய கணக்கில் பணம் வாங்கியிருக்கிறான், அதிலேயே மறைக்கும் எண்ணம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறது.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் வேறொருவர் படிப்பார். படிக்கட்டும்.

எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை 6,500 வந்தபோது, இது யார் அனுப்புகிற பணம் என்று அடுப்படியில் வைத்துக் கேட்டேன். கப்பல் பற்றி எழுதுகிற ஒரு பொண்ணு, படத்துக்குக் காசு தருது என்று நீ ஒளிக்காமல் சொன்னாய். போனையும் காட்டினாய். கண்ணாடி போடாமல், சரி சரி என்றேன். அந்தப் பணத்தில்தான் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டினேன். இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

கோர்ட்டில் கதவைச் சாத்திவிட்டுத்தான் என்னை விசாரித்தார்கள். ஊர்க்காரன் ஒருத்தன் உள்ளே இல்லை. அப்படியும் பயந்தேன். என்னையும் வழக்கில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்து, "எனக்கு எதுவும் தெரியாது ஐயா" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் வக்கீலிடம்கூட நீ அதைச் சொல்லவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. நீ ஏன் கையெழுத்துப் போடாமல் இருக்கிறாய் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பீலில் கூடுதல் சாட்சியம் எடுக்கச் சொல்லிக் கேட்கலாமாம், ஆனால் பொய்ச் சாட்சி சொன்னதற்கு என் மேல் வழக்கு வரலாம், அதற்கும் ஏழு வருஷம் வரை உண்டு என்றார். உனக்குக் கிடைத்த அதே ஏழு. எனக்கு 66 வயது, நீ என்னைக் காப்பாற்ற வேண்டாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சொல்லப் போகிறேன்.

இத்தோடு இன்னொரு வக்காலத்து வைத்திருக்கிறேன், பழையதைக் கிழித்திருப்பாய் என்று. கையெழுத்துப் போடவேண்டிய மூன்று இடத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடியும் மனு போடுவேன். என்னைப் பார்க்க வராவிட்டாலும் பரவாயில்லை, தாளை மட்டும் கொடுத்தனுப்பு.

அப்பா