பதிவறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை நகரின் அரசு அலுவலகங்களில் பதிவறைகளைக் கவனித்துவரும் பெருமதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு, வணக்கம்.

என் தாயாருக்கு 78 வயது. நான்கு வயதில் தந்தையை இழந்த அவர், தம் தந்தையின் கையெழுத்தை இதுவரை பார்த்ததில்லை. வீட்டுமனை தொடர்பாகத் தாத்தா 1951 இல் கொடுத்த மனு ஓர் அலுவலகத்தில் இருப்பதாக அறிந்து, சென்ற மாதம் மூன்றாம் முறையாக அங்கே போனேன். என் முன் வைக்கப்பட்ட கட்டு மழைநீரில் ஊறிக் காய்ந்து ஒரே பாளமாக இறுகியிருந்தது. விரல் நுனியால் தாளைப் பிரிக்க முயன்றேன். எழுத்தோடு சேர்ந்து உதிர்ந்தது. அட்டையில் 'ஆர்.டிஸ்.' என்ற குறி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இன்று நீங்கள் 'நி.மு.' என்று எழுதுகிறீர்களே, நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய கோப்பு, அதே குறிதான். பக்கத்துக் கட்டுகளைக் கேட்டபோது, இடமில்லாததால் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எந்தக் கோப்பையும் கழிப்பதற்கு முன் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவித்து, அறிந்தவர் ஒருவர் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

ஏடுகளை முறையாகப் பேண வேண்டும் என்று கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆளுநர் லாங்ஹார்ன் 1672 இலேயே இந்நகரில் உத்தரவிட்டார். துறைதோறும் சிதறிக் கிடந்தவற்றை 1805 இல் ஆளுநர் பெண்டிங்க் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஓரிடத்தில் சேர்க்கச் செய்தார். அவை பெருகியதால் எழும்பூரில் செந்நிறக் கட்டடம் எழுந்து, 1909 இல் ஆவணங்கள் அங்கே குடியேறின. 1973 இல் அது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று பெயர் பெற்றது. சிதறியதைத் திரட்டுவதே இவ்வரலாறு நெடுகிலும் நடந்த வேலை. அந்த வேலை உங்கள் பதிவறை வாசலில் நின்றுபோனது வேதனை தருகிறது. வணிகம் செய்ய வந்த கும்பெனி தன் கணக்கைக் காப்பாற்றிக்கொண்டது. நம் மக்கள் நமக்கே எழுதிய மனுவை நாம் காப்பாற்றவில்லை.

பதிவறைக்கு மாற்றப்படுவதையே தண்டனையாக எண்ணும் வழக்கம் அலுவலகங்களில் இருப்பதையும், ஆளும் அலமாரியும் கேட்டு நீங்கள் எழுதும் கடிதங்களுக்கு மேலிடத்தில் பதில் வராததையும் அறிவேன். அந்தக் குறை தனியே பேசப்பட வேண்டியது. ஆனால், கழிப்பதற்கு முன் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுத அலமாரி தேவையில்லை.

அந்த அறையின் மேல்தட்டில், கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே, இன்னும் சில கட்டுகளைப் பார்த்தேன். ஐப்பசி மழைக்கு முன் அவற்றை இறக்கிவைத்து, காப்பகத்துக்குத் தகவல் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தாத்தாவின் மனுவைத் தேடி வந்தவன்