சோப்பாகாத தேங்காய் எண்ணெயும் மூன்று முறை மூடப்பட்ட என் புகாரும்

திண்டுக்கல்,
21.04.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: 08.01.2025 அன்று வாங்கிய தேங்காய் எண்ணெய், கஸ்தூரி மஞ்சள் தூள் ஆகியவற்றின் தரக்குறைவும், மூன்று மாத அலைக்கழிப்பும், இழப்பீடு கோருதலும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த விவகாரத்தில் தங்கள் நிறுவனத்துக்கு நான் எழுதும் ஏழாவது கடிதம் இது. முந்தைய ஆறும் மின்னஞ்சலாகச் சென்றவை. பெரும்பாலும் ‘தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்’ என்ற பதில்தான் வந்தது என்பதால், ஒரு மனிதரின் கையிலாவது போய்ச் சேரட்டும் என்று இதைத் தாளில் எழுதிப் பதிவஞ்சலில் அனுப்புகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருள வேண்டும். மூன்று மாதங்களாக நான் பொறுத்ததைவிட இது கடினமாக இருக்காது.

தங்கள் இணையக் கடையில் பச்சை மூடிக் கேனில் வரும் ஐந்து லிட்டர் மரச்செக்குத் தேங்காய் எண்ணெய், ஒரு லிட்டர் விளக்கெண்ணெய், அரைக் கிலோ கஸ்தூரி மஞ்சள் தூள், நூறு மில்லி வெட்டிவேர் எண்ணெய் ஆகியவற்றை 3,140 ரூபாய் செலுத்தி வாங்கினேன். பில் எண்ணும் பேட்ச் எண்ணும் தங்கள் கணினியில் ஏற்கெனவே ஆறு முறை பதிவாகியிருக்கின்றன. பொருள்களைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை. ‘வீட்டுச் சோப்புக்கென்றே’ என்று கேனின் நெற்றியில் அச்சிட்டு விற்பவர்களுக்குத் தங்கள் எண்ணெயைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்று இன்னமும் நம்புகிறேன்.

என் தங்கை மகளுக்கு மார்ச் 9ஆம் தேதி வளைகாப்பு. வருகிறவர்களின் தாம்பூலப் பையில் வைக்க என் கையால் செய்த சோப்பு அறுபது தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அடுப்பில் ஏற்றாமல் செய்யும் சோப்பு நான்கிலிருந்து ஆறு வாரம் காய வேண்டும் என்பதால், ஜனவரி 18ஆம் தேதியே வேலையை முடித்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் 2,400 கிராம், நல்லெண்ணெய் 680 கிராம், விளக்கெண்ணெய் 320 கிராம். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் சோப்பாக மாற 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும்; நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. மூன்றையும் பெருக்கிக் கூட்டி, தோல் வறளாதிருக்க எட்டு சதவீத எண்ணெய் மிஞ்சும்படி கழித்து, 525 கிராம் சோடாவை நிறுத்துப் போட்டேன். கையுறை, கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம், எதிலும் குறை வைக்கவில்லை. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக்கூடாது என்பதை முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தத் தகவலை எதற்காகக் குறிப்பிடுகிறேன் என்பது பின்னால் விளங்கும்.

மூன்றாம் நாள் மோல்டிலிருந்து எடுத்தபோது, ஒவ்வொரு சோப்பின் மேலும் எண்ணெய் முத்து முத்தாக வியர்த்திருந்தது. துடைத்தால் மறுநாள் மீண்டும் வியர்த்தது. நுனி நாக்கில் தொட்டுப் பார்த்தால் சுரீரென்று இழுத்தது. எண்ணெயும் மிஞ்சி, சோடாவும் மிஞ்சுகிறது என்றால், ஒன்று நான் சரியாகக் கலக்கவில்லை. இல்லையேல் அந்த எண்ணெயில் சோப்பாகவே முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தங்கள் எண்ணெயில் இருநூறு கிராமும், எங்கள் தெருமுனைச் செக்கில் வாங்கிய எண்ணெயில் இருநூறு கிராமும் எடுத்து, ஒரே நாளில் ஒரே தராசில் தனித்தனியாகச் செய்தேன். செக்கு எண்ணெய் வெண்ணெய்க்கட்டி போல் இறுகியது. தங்களுடையது மறுபடியும் வியர்த்தது.

தங்கள் உதவி எண்ணில் முதலில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ‘ஆறு வாரம் காய்ந்தால் சரியாகிவிடும், அம்மா’ என்றார். அந்த வார்த்தையை நம்பி நான் இழந்த நாட்களுக்கு அந்தப் பெண்ணைக் குறைசொல்ல மாட்டேன். அவருக்கு எழுதிக் கொடுத்ததை அவர் படித்தார்.

ஆனால் பிப்ரவரி 26ஆம் தேதி, முப்பத்தேழு நிமிடங்கள் பாட்டுக் கேட்கவைத்த பிறகு இணைப்பில் வந்த அந்த இளைஞரை நான் எப்படி மறப்பேன்? நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்தப் பேட்சின் சோப்பாதல் எண் (ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்கத் தேவையான காரத்தின் அளவு) என்ன, அதன் பரிசோதனை அறிக்கையை அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை, அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: ‘யூடியூப் பாத்து சோப்பு காய்ச்சுறவங்க எல்லாம் கெமிஸ்ட்ரி பேசுறீங்கம்மா. ரெண்டு கிராம் முன்னபின்ன ஆனா என்ன, சோறா பொங்குறீங்க?’ பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. ஐயா, சோறு பொங்கும்போது இரண்டு கிராம் முன்னபின்ன ஆகலாம். காஸ்டிக் சோடாவில் ஆகக்கூடாது. ஆகிவிட்டால் அது பச்சைக் குழந்தையின் தோலையும் பிள்ளைத்தாய்ச்சியின் தோலையும் பொசுக்கும். இதைச் சோப்புக்கென்றே எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஊழியருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறதே! அவர் பெயரை இங்கே எழுதவில்லை. சொல்லச் சொல்லிக் கேட்டும் அவர் சொல்லவில்லை. ‘தரத்துக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று தாங்களே அறிவித்திருப்பதால், அந்த ஒலிப்பதிவைத் தாங்கள் ஒருமுறை கேட்டருள வேண்டும்.

கோபத்தில் வரிசை தவறிவிட்டேன். அந்த அழைப்புக்கு இரண்டு வாரம் முன்பே, அதாவது பிப்ரவரி 12ஆம் தேதி, நான் பணியாற்றிய பள்ளியின் ஆய்வகத்தில் அனுமதி பெற்று அந்த எண்ணெயைச் சோதித்தேன். எத்தனால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அரை மணி நேரத்துக்கும் மேல் கொதிக்கவைத்து, மிஞ்சிய காரத்தைப் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியின் துணையோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்து அளந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையே செய்யக்கூடிய வேலை இது. தேங்காய் எண்ணெயின் சோப்பாதல் எண் 250க்குக் குறையக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்புத் தரம். மூன்று முறை பார்த்ததில் எனக்குக் கிடைத்த சராசரி 206. அதே மேசையில் பார்த்த செக்கு எண்ணெய் 256 காட்டியது. பிறகு, கொதித்த கரைசலில் வெந்நீர் ஊற்றியதும் தங்கள் எண்ணெய் பால்போலக் கலங்கியது. செக்கு எண்ணெய் தெளிவாகவே நின்றது. கனிம எண்ணெய், அதாவது லிக்விட் பாரஃபின் கலந்திருந்தால் இப்படிக் கலங்கும். அது எத்தனை சோடா போட்டாலும் சோப்பாகாது. தன் பங்குச் சோடாவை அப்படியே சோப்பில் விட்டுவிட்டுத் தான் மேலே வந்து வியர்க்கும். 206ஐ வைத்துக் கணக்குப் போட்டால், என் அறுபது சோப்புகளிலும் சேர்ந்து எண்ணெயே கிடைக்காத காஸ்டிக் சோடா ஏறத்தாழ நாற்பது கிராம் தங்கியிருக்கிறது. இது பள்ளி ஆய்வகச் சோதனைதான், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று அல்ல என்று தாங்கள் சொல்லலாம். சரி, தங்கள் சான்றைக் காட்டுங்கள். அதைத்தானே மூன்று மாதமாகக் கேட்கிறேன்!

‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று போட்டிருப்பதால் உணவுத் தரம் இதற்குப் பொருந்தாது என்று மார்ச் 3ஆம் தேதி ஒரு பதில் எழுதினீர்கள். தேங்காய் எண்ணெய் என்று பெயரிட்டு விற்றால், அது தின்பதற்கோ பூசுவதற்கோ, தேங்காயிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்?

கஸ்தூரி மஞ்சள் தூளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சோப்புக் கலவையில் அரைக் கரண்டி போட்ட உடனே அது செங்கல் நிறத்துக்கு மாறியது. கஸ்தூரி மஞ்சள் வெளிறிய நிறமுடையது என்பதும், காரத்தில் அதுவும் ஓரளவு நிறம் மாறும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இப்படிச் சிவக்காது. இதற்கு ஆய்வகமே தேவையில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் கிலோ 800 ரூபாய் விலையில் வாங்கியது சமையல் மஞ்சள்தான் என்பது என் உறுதியான எண்ணம். வெட்டிவேர் எண்ணெய் தண்ணீர் போல் ஓடியது. உண்மையானது தேன்போலக் கெட்டியாக இருக்கும். ஆயினும் நூறு மில்லி 350 ரூபாய்க்கு உண்மையான வெட்டிவேர் எண்ணெய் கிடைக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே அதில் பாதித் தவறு என்னுடையது. விளக்கெண்ணெயில் ஒரு குறையும் இல்லை என்பதையும் நியாயம் கருதிப் பதிவு செய்கிறேன்.

இனி மார்ச் 25ஆம் தேதி. அதற்கு முந்தைய நாள் மாலை, ‘மீதமுள்ள பொருளைக் கோயம்புத்தூர்க் கிடங்குக்கு நேரில் கொண்டுவந்தால் உடனடியாகப் பணம் திருப்பித் தரப்படும்’ என்று தங்கள் வாட்ஸாப்பிலிருந்து செய்தி வந்தது. கூரியர்காரர் இரண்டு முறை வந்து, ‘திரவப் பொருள் எடுக்க மாட்டோம்’ என்று திரும்பிப் போயிருந்த நிலையில், எனக்கு வேறு வழியில்லை. முழங்கால் வலியோடு, பாதி எண்ணெய் மிஞ்சிய அந்தக் கேனை மடியில் வைத்துக்கொண்டு, விடியற்காலைப் பேருந்தில் ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியாகச் சிங்காநல்லூர் போய் இறங்கினேன். ‘எண்ணெய் சிந்தினால் நீங்கதான் பொறுப்பு’ என்று நடத்துநர் வழியெல்லாம் எச்சரித்துக்கொண்டே வந்தார். அங்கிருந்து ஆட்டோவுக்கு 280 ரூபாய். கிடங்கு வாசலில், ‘இங்கே ரிட்டர்ன் வாங்குவதில்லை, கூரியரில்தான் அனுப்ப வேண்டும்’ என்று மாடியிலிருந்து இன்டர்காமில் ஒரு குரல் சொல்லிற்று. செய்தியைக் காட்டுகிறேன், கீழே வாருங்கள் என்றேன். யாரும் வரவில்லை. கூரியர் எடுக்காது, கிடங்கு வாங்காது என்றால் அந்தக் கேனை நான் என்ன செய்ய வேண்டும்? காவலாளி மட்டும் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். தங்கள் நிறுவனத்தில் என்னை மனுஷியாக நடத்தியவர் அவர் ஒருவரே. வெறும் கையோடு அல்ல, அதே கேனோடு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினேன். மறுநாள் காலை, ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, ஐந்து நட்சத்திரம் தருவீர்களா?’ என்று செய்தி வந்தது. இப்படித் தீர்க்கப்பட்டதாக மூடியது மூன்றாவது முறை.

வளைகாப்பன்று அறுபது பேருக்கும் கடைச் சோப்பை வாங்கி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். ‘டீச்சர் சோப்பு எங்கே?’ என்று என் பழைய மாணவிகளே கேட்டார்கள். முப்பத்தொரு ஆண்டுகளில் நான் சேர்த்த நற்பெயர் ஒரு தாம்பூலப் பையில் போயிற்று. அந்த இளைஞர் சிரித்ததுதான் அப்போதும் என் காதில் கேட்டது. யூடியூப் பார்த்தாம்!

அறுபது சோப்பு என்பதால் நான் வணிகர், நுகர்வோர் அல்ல என்று தங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் வாதிட்டார். ஒரு சோப்பைக்கூட நான் விற்கவில்லை. விற்றிருந்தாலும், சுயதொழிலாகப் பிழைப்புக்காக வாங்குகிறவரும் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் கிடைத்ததைக் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் புகாரின் தேதி ஜனவரி 21. இன்றோடு மூன்று மாதம். மேலும், கேனில் பொதித்த மாதம் அச்சிட்ட சீட்டின் அடியில் இன்னொரு சீட்டு இருக்கிறது. அதில் வேறு மாதம். எடையளவுத் துறைக்கு அது சுவாரசியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே, பொருளின் விலை 3,140 ரூபாய், வீணான நல்லெண்ணெயும் பிறவும் 1,100, கடைச் சோப்பு 2,700, பயணச் செலவு 900, பாழான மோல்டுகள் 1,200, மன உளைச்சலுக்கும் அவமானத்துக்கும் 40,960 என மொத்தம் 50,000 ரூபாயை, இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அந்த 960 எதற்கு என்று கேட்டால், கணக்கு முழுத்தொகையாக வரட்டும் என்பதற்குத்தான். தொகையைப் பற்றிப் பேசித் தீர்க்கத் தாங்கள் விரும்பினால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பரிசோதனை அறிக்கையும், அந்த இளைஞரிடமிருந்து எழுத்து மூலமான வருத்தமும் இல்லாமல் எந்தத் தொகையையும் ஏற்க மாட்டேன்.

தவறினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்று சட்டம் அனுமதிப்பதால், இனிப் பேருந்து ஏற வேண்டியவர்கள் தாங்கள்தான்.

கேன் என் வீட்டுப் பரணில் முத்திரையிட்டு இருக்கிறது. சோப்பு அறுபதும் அட்டைப்பெட்டியில் இன்னமும் வியர்த்துக்கொண்டிருக்கின்றன. எடுத்துச்செல்ல ஆள் அனுப்புவதாக இருந்தால், முன்கூட்டியே தகவல் தந்து, கையெழுத்திட்ட ரசீதோடு, காலை பத்து மணிக்கு மேல் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியை,
திண்டுக்கல்