‘பரவாயில்லை’யை நம்பாத சிஸ்டர்களுக்கு

அன்புள்ள வார்டு சிஸ்டர்களுக்கும், டர்பனில் எங்களோடு கூட நின்ற எல்லோருக்கும்,

போன வாரம் அம்மா சாட்ஸ்வொர்த் வீட்டுக் கொல்லையில் தானே நின்று கறிவேப்பிலை பறித்தார். அதைப் பார்த்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன்.

குடலில் அறுவை முடிந்து, தையல் போட்ட இடம் கசிய ஆரம்பித்ததும், இனி வாய்வழியாக ஒன்றும் கூடாது என்றார்கள். ஆறு வாரம். அதுவும் ஆடி மாதம் பார்த்து. தெருவுக்குத் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், அம்மாவுக்கு ஒரு பருக்கை கிடையாது. பெரிய ரத்தக்குழாய்க்குள் செருகிய மெல்லிய குழாய் வழியாக, சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் கலந்த வெள்ளைப் பை 24 மணி நேரமும் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதற்குப் ‘பால்குடம்’ என்று பெயர் வைத்துவிட்டார். “நாக்குல படாதது என்ன சாப்பாடு?” என்று அதோடு சண்டை வேறு.

முதல் சில நாள் பையை மெதுவாகத்தான் ஓட்டினீர்கள். பட்டினி கிடந்தவருக்கு இன்னும் கொஞ்சம் வேகமாக விடக்கூடாதா என்று நான் குரலை உயர்த்தினேன். நாள்கணக்காகக் காய்ந்த உடம்பில் உணவை மளமளவென்று ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்தையே பாதிக்கும் என்று பகல் சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். அந்தக் குரலுக்கு இப்போது மன்னிப்பு கேட்கிறேன்.

இரவு சிஸ்டர், குழாயின் முனையைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் பஞ்சால் தேய்ப்பார். தேய்க்கும்போது உதடு அசையும். ஏதோ ஜெபம் என்றே நினைத்திருந்தேன். 15 விநாடி எண்ணுகிறார் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் பை நேரத்துக்கு வரவில்லை. திடீரென்று நின்றால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் என்று டாக்டரிடம் கேட்டு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை மாட்டிவிட்டு, விரலில் குத்திக் குத்திப் பார்த்தவரும் அவர்தான்.

வலி விஷயம்தான் பெரியது. எங்கள் அம்மாவின் தலைமுறை வலியை வெளியே சொல்லாது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால், “பரவாயில்லை.” நானும் அதையே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இரவு சிஸ்டர் மட்டும், “கோகோ, ஒருமுறை இருமுங்கள்” என்றார். ஜூலு மொழியில் கோகோ என்றால் பாட்டி. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தி, “ஏழு” என்றார். மறுநாளிலிருந்து அந்த ஜூலு சிஸ்டர் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டார்: “வலி? பரவாயில்லை வேண்டாம். நம்பர்!”

வலிக்கும்போது நோயாளியே அழுத்தி மருந்து ஏற்றிக்கொள்ளும் மார்ஃபின் பம்ப்பின் பொத்தானையும் அம்மா அழுத்த மாட்டார், பழகிவிடுமாம். ஒரு மதியம் அவர் தூக்கத்தில் முனகியபோது நானே அழுத்தப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நோயாளி மயக்கத்தில் இருந்தால் அழுத்த மாட்டார், அதுதான் அதன் பாதுகாப்பு, அடுத்தவர் கை வைத்தால் மூச்சே மந்தப்பட்டுவிடலாம் என்றார் சிஸ்டர். அப்புறம் நான் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

பையைக் கலந்து தந்த மருந்தாளுநர்களுக்கும், தினமும் ரத்த ரிசல்ட் பார்த்துக் கணக்குப் போட்ட டயட்டீஷியனுக்கும், என் வகுப்பு மாற்றிப் பார்த்த தமிழ்ப் பள்ளி டீச்சர்களுக்கும், கேட்காமலே பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும் நன்றி. சிஸ்டர்களுக்கு உங்கள் மொழியிலேயே: சியாபோங்கா.

இந்த ஆடியில் கூழ் எங்கள் வீட்டில். இரவு ஷிஃப்ட் முடிந்து நேராக வந்துவிடுங்கள். கரண்டி அம்மா கையில்தான், அளவெல்லாம் பார்க்க மாட்டார்.