கச்சான் விற்கத் தெரியும், காசு எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பிலுள்ள பெரிய நிறுவனமொன்றின் அலுவலர்கள் கிளிநொச்சிக்கு வந்து, சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு வழிகாட்டிகளாக இருக்கப்போகிறார்கள் என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. நல்ல விடயம்தான். எங்கள் முல்லைத்தீவுப் பக்கமும் இப்படிக் குழுக்கள் வந்து போயிருக்கின்றன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றில் கணக்குப் பார்ப்பவள் என்ற முறையில் நானும் அவர்களோடு இருந்திருக்கிறேன். வருபவர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. தேடி வந்தவர்களிடம் அதை முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் பெண்கள் கூச்சப்படுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

2009க்குப் பிறகு மீளக்குடியேறிய காலத்தில் கோழி வந்தது, ஆடு வந்தது, தையல் மெசின் வந்தது. ஒரே ஒழுங்கையில் நாலு வீட்டுக்குத் தையல் மெசின் கொடுத்தால் யார் யாருக்குச் சட்டை தைப்பது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. இப்போது ஆலோசனை வருகிறது. அதுவாவது ஆளையும் தொழிலையும் பார்த்து வரட்டும்.

கச்சான் வறுத்துப் பைக்கற் போடும் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். மாரி மழையை நம்பி விதைத்த கச்சான் தை, மாசியில் சந்தைக்கு வரும்போது விலை இறங்கும். அப்போது வாங்கிக் காயவைத்துச் சேர்த்தால்தான் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் அதற்குப் பிறகு வரும் கோயில் திருவிழாக்களுக்கும் நாலு காசு பார்க்கலாம். இதை அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கோதைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே பருப்பு ஆடுகிற சத்தத்தைக் கேட்டே காய்ந்த பதத்தைச் சொல்லிவிடுவார். மணல் எவ்வளவு சூடேற வேண்டும் என்பதற்கும் அவருக்குக் கைதான் கணக்கு. இப்படிப்பட்டவரை ஒரு மண்டபத்தில் இருத்தி, கையில் ஒரு வண்ண அட்டையைக் கொடுத்து, “உங்கள் கனவை எழுதுங்கள்” என்றார்கள். அவரும் யோசித்து எழுதினார்: “போன மாதம் கொடுத்த சாமானுக்குக் காசு.” மொழிபெயர்த்தவர் அதை மேடையில் வாசிக்கவில்லை.

ஆனால் உண்மையான பிரச்சினை அந்த அட்டையில் அவர் எழுதியதில்தான் இருந்தது. கமக்காரரிடம் கச்சான் வாங்கும்போது கையில் காசு கொடுக்க வேண்டும். பைக்கும் லேபலுக்கும் காசு. மாங்குளம் சந்திக்குக் கொண்டுபோய் கொழும்பு பஸ்ஸில் பெட்டியை ஏற்றுவதற்கும் காசு. பெரிய கடையோ சாமானை இறக்கிவிட்டு, பில்லைத் தந்துவிட்டுப் போங்கள் என்கிறது. ஒன்றரை மாதம் கழியும், சிலவேளை இரண்டு மாதம். விற்காத பைக்கற் திரும்பி வரும், அதையும் கழித்துக்கொள்வார்கள். இந்த இடைவெளியில் அந்தப் பெண் எங்கே போவார்? வாரா வாரம் வீட்டு வாசலுக்கு வந்து தவணை வாங்குகிற நுண்கடன்காரரிடம்தான். அந்தக் கடன் வடக்கிலும் கிழக்கிலும் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பது ஊரறிந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. ஆகவே கடன் கொடுக்கிற நிறுவனத்திலிருந்து வழிகாட்ட வருபவர்கள் தயவுசெய்து கடன் விண்ணப்பத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆலோசனையும் கடன் விற்பனையும் ஒரே வாயிலிருந்து வந்தால் எங்கள் பெண்கள் இரண்டையும் நம்ப மாட்டார்கள்.

எல்லோரும் வீணாக வந்து போனார்கள் என்று சொன்னால் அது பொய். ஒரு குழுவில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்திருந்தார். மற்றவர்கள் முகநூல் பக்கத்துக்குப் படம் எடுப்பது பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் கச்சான் அக்காவின் பில் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு காசோலை மாற்றப்படாமல் அதற்குள்ளேயே மடித்துக் கிடந்தது. லேபலில் இருக்கிற வியாபாரப் பெயருக்குக் கடை காசோலை எழுதியிருக்கிறது. வங்கிக் கணக்கோ அக்காவின் சொந்தப் பெயரில். வங்கி ஏற்கவில்லை. திரும்ப எழுதித் தரச் சொல்லிக் கேட்க அவருக்குத் தயக்கம், கேட்டால் அடுத்த ஓடர் கிடைக்காதோ என்று. அந்தத் தம்பி அங்கேயே கடையின் கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தார். எந்தப் பிரிவில் யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. சொந்தப் பெயருக்குப் புதுக் காசோலை வந்தது. பிறகு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரிலேயே கணக்குத் திறக்கும் வரை அவர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பி விசாரித்துக்கொண்டே இருந்தார். அன்றைய குழுப் படத்தில் அவர் பின் வரிசையில், பாதி முகம்தான் தெரிகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். வழிகாட்டி என்று வருபவருடைய பெரிய பலம் அவருடைய பேச்சில் இல்லை, அவர் வேலை செய்கிற கந்தோரில் இருக்கிறது. கொள்வனவுப் பிரிவில் யார் இருக்கிறார், பில் எந்த மேசையில் தேங்குகிறது, புதிதாகச் சாமான் கொடுப்பவரைப் பதிய என்னென்ன கடதாசி வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். உங்கள் நிறுவனத்துச் சிற்றுண்டிச்சாலையில் பின்னேரத் தேநீரோடு எதையோ கடிக்கத்தான் போகிறீர்கள், அது ஏன் எங்கள் கச்சானாக இருக்கக்கூடாது? புதுவருடத்துக்கு ஊழியர்களுக்குக் கொடுக்கிற பரிசுப் பொதியில் பனங்கட்டியும் ஒடியல் மாவும் நல்லெண்ணெயும் போகலாமே. வாங்கினால் இரண்டு கிழமைக்குள் காசைக் கொடுக்கிற ஒழுங்கைச் சிறு உற்பத்தியாளருக்கென்று தனியே செய்யலாம். இதைச் சொன்னபோது ஒரு மேலாளர், “அது தொண்டில் வராது, வியாபாரத்தில் வரும்” என்றார். சரி, நாங்களும் வியாபாரத்தைத்தானே கேட்கிறோம்.

இரக்கப்பட்டு வாங்கச் சொல்லவில்லை. தரம் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள், ஆனால் ஏன் என்று சொல்லுங்கள். ஈரம் வற்றாத கச்சானைக் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளாடொக்சின் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. காதுக்குக் கேட்கிற சத்தம் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போதும், கொழும்புக் கடைக்கு ஈரப்பதன் அளந்த தாள் வேண்டும். உணவுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒருவர் ஒரு மீற்றரோடு வந்து, மூட்டை அடுக்குகிற இடத்தில் நின்று சொல்லித் தந்தால் அதுதான் வழிகாட்டல். இலங்கைக்குரிய 479 என்ற இலக்கத்தில் தொடங்கும் பார்கோட்டை எங்கே பதிவது, லேபலில் தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் எப்படிப் போடுவது என்பதும் அப்படித்தான். தலைமைத்துவம் பற்றிய விரிவுரையைப் பிறகு பார்க்கலாம். 2009க்குப் பிறகு தனியே குடும்பத்தைக் கொண்டு இழுத்தவர்களுக்கு அதில் புதிதாக என்ன சொல்வார்களோ தெரியாது.

ஒரு சனிக்கிழமை வந்து மத்தியானச் சாப்பாட்டோடு முடிகிற வழிகாட்டலால் பயன் குறைவு. பிரித்தானியாவில் 2008இல் தொடங்கிய செரி பிளேயர் பெண்கள் அறக்கட்டளை வேறு நாடுகளில் இருக்கும் பெண்களுக்கு இணையம் வழியாகவே ஒரு வழிகாட்டியைச் சேர்த்துவிட்டு, ஒரு வருடம் தொடர்ந்து பேச வைக்கிறது. கொழும்பிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு அதைச் செய்ய முடியாதா? மொழியையும் கவனியுங்கள். அந்த நிறுவனங்களிலேயே எங்கள் வன்னிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள், அவர்களை முன்னுக்கு விடுங்கள். மொழிபெயர்ப்பாளர் மண்டபத்தோடு போய்விடுவார். அடுத்த நாள் காலையில் சந்தேகம் வந்தால் அந்தப் பெண் யாரோடு பேசுவது?

தை பிறந்தால் கச்சான் பிடுங்கத் தொடங்கிவிடுவார்கள். யாராவது வருவதாக இருந்தால் அந்த நேரத்தில் வாருங்கள், கொள்வனவுப் பிரிவிலிருந்தும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. எந்தப் பெண்ணிடம் என்ன சாமான், மாதம் எவ்வளவு கொடுக்க முடியும், எந்தக் கடையில் எவ்வளவு காசு நிற்கிறது என்று சங்கத்தில் பட்டியல் எழுதி வைத்திருக்கிறோம். கேட்பவர்களுக்கு ஒரு பிரதி தருவோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஒட்டுசுட்டான்