வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோரின் இடுப்பு எலும்பு முறிவு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சீக்கிரம் அறுவை சிகிச்சை, சீக்கிரம் நடமாட்டம் என்று அது வலியுறுத்தியது சரிதான். ஆனால் வலிக்குப் பயந்து காலை அசைக்கவே மறுப்பவரை எப்படி நடக்க வைப்பது? புறவாசலில் வழுக்கி விழுந்த என் அம்மாவுக்கு 79 வயது. திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பு இரவில் விட்டதும் துடித்துப்போனார். வலிக்குப் போட்ட ஊசிகளால் குமட்டல் வந்தது. விடிவதற்குள் எங்களையே அடையாளம் தெரியாமல், என்றோ இறந்துபோன தன் அண்ணனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எழுந்து நிற்க நான்கு நாள் ஆயிற்று.

இடுப்புக்குப் போகும் நரம்புகளை மட்டும், ஸ்கேன் பார்த்துக்கொண்டே மரத்துப்போகச் செய்யும் ஊசி ஒன்று இருப்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒருமுறை போட்டால் பல மணி நேரம் வலி அடங்கியிருக்கும். அறுவைக்கு முன்பே, மருத்துவமனைக்கு வந்தவுடனேயேகூடப் போடலாம். மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன், 49 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய ஊசியால் அசையும்போது வரும் வலியும் மனக்குழப்பமும் குறைவதாகச் சொல்கிறது. அம்பாசமுத்திரம், வள்ளியூர் உட்பட நம் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளுக்கு இடுப்பு முறிந்து வரும் ஒவ்வொருவருக்கும் இந்த ஊசி பொருந்துமா என்று மயக்க மருத்துவர் பார்ப்பதைக் கட்டாய நடைமுறையாக்க வேண்டும். அதற்கான பயிற்சியையும் ஸ்கேன் கருவியையும் சுகாதாரத்துறை உறுதிசெய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி