காரின் உள்வேலையில் எதை எங்கே போடலாம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம், ஸலாம்.

கச்சான் காற்று ஓய்ந்து மாரி தொடங்குவதற்கு முந்திய இந்த இடைவெளியில்தான் மட்டக்களப்பில் உள்ள எங்கள் குஷன் கடைக்குக் காரின் உள்வேலை அதிகம் வரும். இந்த முறை வந்தவர்களில் பலர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். கம்பனி போட்ட துணியும் பிளாஸ்டிக்கும் இனிக் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது, வேறு ஏதாவது போட்டுத் தரலாமா? தரலாம். ஆனால் எதை எங்கே போடலாம், எதைப் போட்டால் அடுத்த வருடமே திரும்பி வர வேண்டியிருக்கும் என்பதைக் கடை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்க நேரம் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், ஆறுதலாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தார்கள். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பேசாமல் பழைய காரையே தடவிக் கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். நம்மட ஊரில் ஓடும் ‘121’ மாடல் டொயோட்டா கொரோலாக்கள் எல்லாம் இருபது வயதைத் தொட்டவை அல்லது தாண்டியவை. இஞ்சின் இன்னும் நன்றாக இருக்கும், உள்ளே ஏறி உட்கார்ந்தால்தான் வயது தெரியும். சிலர் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பிப் பழைய கூரை போர்ட்டும் கதவு போர்ட்டும் (துணி ஒட்டும் உள்பலகைகள்) எடுப்பிக்கிறார்கள். பிளாஸ்டிக் கொண்டை, கிளிப், ஹேண்டில் என்றால் அது நல்ல வழி. கூரைக்கும் துணி ஒட்டிய பாகங்களுக்கும் அது சரிவராது. அங்கே கழற்றி விற்பதும் உங்கள் காரின் வயதுடையதுதான், இன்று தொங்காதது நாளை தொங்கும்.

கூரையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், அதிகம் வருவது அதுதான். கூரைத் துணி வெறும் துணி அல்ல. துணிக்குப் பின்னால் மெல்லிய ஸ்பொஞ்சு ஒட்டியிருக்கும், அந்த ஸ்பொஞ்சுதான் போர்ட்டோடு ஒட்டப்பட்டிருக்கும். தென்மேல் பருவக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வருகிறது. அதுதான் கச்சான். வெளியே 36, 37 பாகை என்றால், கண்ணாடி ஏற்றி வெயிலில் விட்ட காரின் டாஷ்போர்ட் 70 பாகை வரை சுடும். அது முடிய மாரி வந்து, வாவிக்கரை ஈரம் மாதக்கணக்கில் வண்டிக்குள் நிற்கும். சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அந்த ஸ்பொஞ்சு உள்ளுக்குள்ளேயே செத்துவிடும். தொட்டால் மஞ்சள் தூளாக உதிரும். அது உதிர்ந்த பிறகு துணிக்குப் பிடிக்க எதுவும் இல்லை.

இதனால்தான் குண்டூசி குத்தினாலும், ஊசியால் பசை ஏற்றினாலும் நிற்பதில்லை. பசை பிடிப்பது தூளை, தூள் எதையும் பிடிக்காது. போர்ட்டைக் கழற்றி, பழைய ஸ்பொஞ்சைத் தூரிகையால் கடைசித் தூள்வரை தேய்த்து எடுத்து, சூடு தாங்கும் பசையை இரண்டு பக்கமும் அடித்துப் புதுத் துணி போட வேண்டும். செருப்புக்கு ஒட்டுகிற சாதாரணப் பசை மலிவுதான். ஆனால் கூரைத் தகட்டுக்குக் கீழே ஏறும் சூட்டில் அது இளகும். விலையில் எங்களுக்கும் வேறு கடைக்கும் வித்தியாசம் தெரிந்தால், எந்தப் பசை என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

கூரைக்கு மாற்றுத் துணி கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்பொஞ்சு ஒட்டிய பின்னல் துணி எல்லாப் பக்கமும் இழுபடும், அதனால் லைட் வரும் பள்ளத்திலும் ஓர வளைவிலும் படிந்து உட்காரும். நெய்த துணி அப்படி இழுபடாது, சுருக்கம் விழும். மருதமுனைக் கைத்தறியைக் கூரை முழுக்கப் போட்டுத் தரச் சொன்னவர்களுக்கு நாங்கள் இல்லை என்றது இதனால்தான். ரெக்சினும் கார்க் கூரைக்கு வேண்டாம். பாரம் கூடியது, சூட்டில் பசையை இழுத்துக்கொண்டு இறங்கும். வேனின் தட்டைக் கூரையில் சட்டம் வைத்து அடிப்பது வேறு விஷயம், அங்கே ரெக்சின் தாராளமாக நிற்கும்.

அதே கைத்தறியைக் கதவில் போட்டுப் பாருங்கள், அழகே வேறு. கை வைக்கும் திண்டுக்கு மேலே, தட்டையாக உள்ள நடுப்பகுதிக்கு அது பொருத்தமானது. துணியை முதலில் நனைத்துக் காயவைப்போம், பிறகு சுருங்காமல் இருக்க. பின்னால் மெல்லிய ஸ்பொஞ்சும் அடித்துணியும் வைத்துத்தான் ஒட்டுவோம். நிறம்தான் கவலை. சில சாயம் ஜன்னல் வெயிலில் ஒரு வருடத்திலேயே வெளுத்துவிடும். ஆகவே துணியை நீங்கள் கொண்டுவருவதானால் ஒரு துண்டு வெட்டிப் பாதியைக் கடதாசியால் மூடி, வெயில் படும் கண்ணாடியில் சில வாரம் ஒட்டி வையுங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தத் துணியைச் சாரமாகவே உடுத்துக்கொள்ளலாம். சீற்றுக்கும் கை வைக்கும் திண்டுக்கும் கைத்தறி வேண்டாம், பருத்தி நூல் தேய்ந்துவிடும், வியர்வைக் கறை போகாது.

பன் பாய், அதாவது பன் என்ற புல்லில் பின்னிய பாய், கேட்டும் சிலர் வந்தார்கள். பார்க்க நல்ல வடிவுதான். வளைவில் வைத்தால் நார் முறியும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். தட்டையான சிறு பலகையில், இரு பக்கமும் வார்னிஷ் ஊட்டிப் போடலாம். வயர் ஓடும் இடத்துக்கும் சிகரெட் லைற்றர் பக்கத்துக்கும் பாய், பருத்தி இரண்டையும் போட மாட்டோம். வாகனத்தின் உள்பொருட்கள் தீப்பிடித்தால் நிமிடத்துக்கு 102 மில்லிமீற்றருக்கு மேல் பரவக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு விதி உண்டு, பல நாட்டுக் கம்பனிகளும் அதை ஒட்டித்தான் பொருள் தெரிவு செய்கின்றன. காய்ந்த பன் எப்படி எரியும் என்று அடுப்பு மூட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மீன் வாங்கிக்கொண்டு போகிற வண்டிக்கும் பாய் வேண்டாம், அந்தத் தண்ணீர் ஒருமுறை ஊறினால் பாயைக் கழற்றி எறிவதுதான் வழி.

மரம் விரும்புகிறவர்களுக்கு: கம்பனிக் கார்களில் நீங்கள் பார்க்கும் மரத்தில் பெரும்பாலானது பிளாஸ்டிக் மேல் ஏற்றிய படம். உண்மையான மரம் போட்ட விலை கூடிய கார்களிலும் அது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தகடுதான், அடியில் அலுமினியமோ குறுக்கு அடுக்குகளோ இருக்கும். காரணம் உண்டு. மரம் மாரியில் உப்பும், கச்சானில் சுருங்கும். பிளாஸ்டிக்கின் விரிவும் சுருக்கமும் வேறு. இரண்டையும் நேரே ஒட்டினால் நடுவில் வெடிப்புத்தான். நாங்களும் தேக்கு, முதிரைத் தகட்டை அடித்தட்டோடுதான் போடுகிறோம். மேலே தளபாடக் கடை பொலிஷ் பூச வேண்டாம், அரக்கு பொலிஷ் டாஷ்போர்ட் சூட்டில் இளகும், தண்ணீர் பட்டால் வெளுக்கும். வெயில் தாங்கும் இரண்டு கலவை வார்னிஷ் வேண்டும். கட்டிப் பலகையில் டாஷ்போர்ட் செய்து தரச் சொன்னால் செய்ய மாட்டோம், மோதலில் அது சிராய் சிராயாகப் பிளந்து முகத்துக்கு வரும்.

கார்பன் ஸ்டிக்கர் மலிவான வழி, இளைஞர்களுக்குப் பிடித்த வழியும் அதுதான். அதில் இரண்டு சாதி உண்டு. உருளையில் அழுத்தி இழுத்துச் செய்ததற்கு இழுத்த ஞாபகம் போகாது, சூடு பட்டதும் சுருங்கி ஓரம் கிளம்பும். வார்த்துச் செய்தது விலை கூடியது, ஆனால் வளைவில் படிந்து அங்கேயே இருக்கும். கியர்ச் சுற்றுக்கும் ஜன்னல் சுவிட்சுத் தட்டுக்கும் வார்த்ததைத்தான் போடுவோம். டாஷ்போர்ட்டின் மேல்பக்கத்துக்குப் பளபளப்பான எதையும், ‘நானா, முழுக்க ரெட் போடுங்க’ என்று எவ்வளவு கேட்டாலும், போடுவதில்லை. வெயிலில் அது முன் கண்ணாடியில் தெறித்து றோட்டை மறைக்கும். கறுப்பு அல்லது கடும் சாம்பல், அதுவும் மங்கலாக. துணிபோல் தெரிய வேண்டுமானால் மயிர்த்தூள் ஒட்டும் முறை இருக்கிறது. பசை பூசி, நைலோன் பொடிநூலை மின்சாரத்தால் நிமிர்த்தி ஒட்டுவது. வெளிச்சம் தெறிக்காது என்பதால் பந்தயக் கார்களில் போடுவார்கள். தூசி பிடிக்கும் என்பதுதான் குறை. படுவான்கரைக் கிரவல் றோட்டில் தினமும் ஓடுபவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

பெயின்ற் அடிக்கச் சொல்பவர்கள் பாகத்தின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பிளாஸ்டிக் என்று அங்கே சிறு எழுத்தில் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் பெயின்றும் பசையும் நன்றாகப் பிடிக்கும். பிபி என்றிருந்தால் அது எதையும் பிடிக்காத வழுவழுப்பு, அதற்கென்று உள்ள பிரைமர் அடிக்காமல் பெயின்ற் அடித்தால் நகத்தால் உரித்து எடுக்கலாம். உங்கள் கார் எந்த வகை என்று நாங்கள் கழற்றிப் பார்த்த பிறகுதான் விலை சொல்வோம். போனில் விலை கேட்டு, நாங்கள் சொல்லாவிட்டால் கோபிக்க வேண்டாம்.

கதவு போர்ட் ஊறி வீங்கிய வண்டிகள் 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நிறைய வந்தன. ஆனால் வெள்ளம் பார்க்காத காரிலும் இது நடக்கும். கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளே போய்க் கீழ் ஓட்டையால் வெளியேறுவதுதான் முறை. அது போர்ட்டில் படாமல் இருக்க உள்ளே ஒரு பொலித்தீன் தாள் ஒட்டியிருக்கும். ஜன்னல் மோட்டர் திருத்தக் கதவைத் திறக்கும் இடங்களில் பல தடவை அந்தத் தாளைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். நாங்கள் புதுத் தாள் ஒட்டாமல் போர்ட் பூட்டுவதில்லை. போர்ட்டுக்கு விளம்பரப் பலகைக்காரர்கள் பாவிக்கும் பிவிசி நுரைத் தகடு மலிவு, தண்ணீருக்கும் அசையாது. ஆனால் வெயில் சூட்டில் வளையும். ஓரம் உட்பட எல்லாப் பக்கமும் ரெசின் பூசிய மெல்லிய பிளைவூட்தான் எங்கள் தெரிவு.

சீற்றுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். பிவிசி ரெக்சின் காலம் போகப் போக விறைத்து வெடிக்கும், முன் கண்ணாடியின் உள்பக்கம் படியும் எண்ணெய்ப் படலத்துக்கும் அதிலிருந்து கிளம்பும் ஆவி ஒரு காரணம். பியூ லெதர் என்ற செயற்கைத் தோல் தொட மெத்தென்று இருக்கும், ஆனால் மலிவானது நம் ஈரத்தில் சில வருடத்திலேயே செதில் செதிலாக உரியும். வாடகைக்கு ஓடும் வண்டிக்குத் தடித்த ரெக்சின், சொந்தப் பாவனைக்கு நல்ல துணி அல்லது மைக்ரோஃபைபர். இது எங்கள் அபிப்பிராயம், தெரிவு உங்களுடையது.

ஆனால் எயார்பேக் விஷயத்தில் தெரிவு உங்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. ஸ்டியரிங் நடு மூடி, பயணி பக்க டாஷ்போர்ட்டில் எயார்பேக் வரும் இடம், பக்க எயார்பேக் உள்ள சீற்றின் ஓரம், இந்த மூன்றின் மேலும் எதையும் ஒட்ட மாட்டோம், தைக்கவும் மாட்டோம். அந்தச் சீற்றின் தையல் ஒன்று, வெடிக்கும்போது பிரிவதற்காகவே மெலிந்த நூலில் தைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் உறுதியான உறை போட்டால் பை வெளியே வராது. மற்ற வேலைக்கும், எயார்பேக் பக்கத்தில் கை வைக்குமுன் பற்றரி வயரைக் கழற்றிவிட்டுக் காத்திருப்போம். டொயோட்டா சொல்வது குறைந்தது 90 விநாடி, நாங்கள் அதைவிடக் கூடவே விடுகிறோம். பற்றரி கழற்றினால் ரேடியோ மறுபடி வேலை செய்யக் கோட் எண் கேட்கும் வண்டிகள் உண்டு, கோட் தெரிந்தால் எழுதிக் கொண்டுவாருங்கள்.

வண்டி விடும்போது உள்ளே இருப்பதை எடுத்துவிடுங்கள். டாஷ்போர்ட்டில் ஒட்டிய பிள்ளையார், மாதா, துஆ எதுவானாலும் நீங்களே கையால் எடுத்துத் தந்தால் எங்கள் பெடியன்களுக்கு நிம்மதி. இழுத்து எடுக்க வேண்டாம், தலைமுடி காயவைக்கும் மெஷினால் கொஞ்சம் சூடு காட்டினால் டேப் விட்டுவிடும். கூரை வேலைக்கு வண்டி இரண்டு மூன்று நாள் எங்களிடம் நிற்க வேண்டும், பசை முழுதாக இறுகாமல் வெயிலுக்கு எடுக்கக் கூடாது.

இன்னொன்று, நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு ஜனவரி முடியும்வரை கூரை வேலை எடுப்பதில்லை. மழை ஈரத்தில் பசை காயும்போது அதன் மேல் பனிபோல் தண்ணீர் படிந்து வெளுக்கும், அந்தப் பசை பிடிக்காது. சீற், கதவு, கார்ப்பெற் வேலைகள் அப்போதும் நடக்கும். கூரை தொங்குகிறவர்கள் அதற்கு முன் ஒரு நாள் வந்து காட்டி, முறை எடுத்துக்கொள்ளுங்கள். கல்முனை, வாழைச்சேனைப் பக்கமிருந்து வருபவர்கள் வருமுன் போன் எடுத்துக் கேட்டுவிட்டு வருவது நல்லது.

இப்படிக்கு,
உங்கள் குஷன் கடையினர்,
மட்டக்களப்பு