மாஸ்க் போதாது, முதல் மாதத்திலேயே இடம் மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் இப்போது ஒன்பது வாரக் கர்ப்பிணி. பினாங்கில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் தட்டுகளைப் பாலிஷ் செய்யும் பகுதியில் வேலை பார்க்கிறாள். நான் 11 வருடம் நின்ற அதே மாதிரி இடம்தான், கம்பெனி மட்டும் வேறு. போன வாரம் சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மாஸ்க் போட்டுக்கொள், வயிறு தெரிய ஆரம்பித்ததும் வேறு லைனுக்கு மாற்றிவிடலாம் என்று பதில் வந்திருக்கிறது. 1999-இல் எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை.

அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தட்டைப் பளபளப்பாக்க ஸ்லரி என்று ஒரு திரவம் ஊற்றுவார்கள், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அதில் அலுமினா, சிலிக்கா எல்லாம் கலந்திருக்கும். சிலிக்கா நானோ அளவுத் துகள். நானோ என்றால் 1 முதல் 100 நானோமீட்டர் வரை என்று கணக்கு, நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் இருக்கும். ஸ்லரி ஈரமாக இருக்கும்வரை பெரிதாகப் பறக்காது. ஆனால் டிரம் வாயிலும் மெஷின் ஓரத்திலும் சிந்திக் காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும், ஷிப்ட் முடியும்போது அதைச் சுரண்டி உலர்ந்த துணியால் துடைப்பது எங்கள் வேலை. துணியை உதறினால் விளக்கு வெளிச்சத்தில் கோலமாவு பறப்பது போலத் தெரியும். அப்படித் தெரிவது பெரிய துகள்கள்தான், நானோ துகளைக் கண்ணால் பார்க்கவே முடியாது. சட்டைக் கையெல்லாம் வெள்ளையாக, அப்படியே கம்பெனி பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி பிறைக்கு வந்து, குளிக்காமலேயே சோறு வடித்த நாட்கள் எனக்கு எத்தனையோ. அப்போது என் வயிற்றில் இருந்தவள்தான் இந்த மகள். நல்லபடியாகப் பிறந்தாள், கடவுள் புண்ணியம். ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக இவளுக்கும் ஆகாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்றுதான் நாம் நம்பியிருந்தோம். 2011-இல் ஜப்பானில் சினை எலிகளின் ரத்தத்தில் சிலிக்கா துகளை ஏற்றிப் பார்த்தார்கள். 70 நானோமீட்டர் துகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குட்டிகளின் ஈரலுக்கும் மூளைக்கும் போனது, வயிற்றிலேயே குட்டிகள் சிறுத்துப்போயின. 300, 1000 நானோமீட்டர் துகள் ஏற்றிய எலிகளுக்கு அந்தக் கோளாறு வரவில்லை. சரி, அது எலி, அதுவும் ஊசி வழியாக ஏற்றியது, மூச்சில் போனது அல்ல. ஆனால் 2019-இல் பெல்ஜியத்தில் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார் சாதாரணப் பெண்களின் நஞ்சுக்கொடியை ஆராய்ந்தபோது, வாகனப் புகையில் வரும் கரித்துகள் குழந்தை இருக்கும் பக்கத்திலேயே இருந்தது. வீட்டுப் பக்கம் மாசு அதிகமாக இருந்த தாய்மாருக்குத் துகளும் அதிகம். 2022-இல் அவர்களும் ஸ்காட்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து பார்த்ததில், கருவின் ஈரல், நுரையீரல், மூளையிலேயே அந்தக் கரித்துகள் இருந்தது, அதுவும் முதல் மூன்று மாதத்துக் கருவிலேயே. அந்தத் தாய்மார் புகைபிடிக்காதவர்கள். அப்படியிருக்க, வயிறு தெரிந்த பிறகு இடம் மாற்றி என்ன பயன்? குழந்தையின் உறுப்புகள் உருவாகும் நேரம் அதற்குள் முடிந்துபோயிருக்கும்.

மாஸ்க் என்று அவர்கள் கொடுப்பது காதில் மாட்டும் மெல்லிய மாஸ்க். என்95 வகை முகத்தோடு சரியாகப் பொருந்தினால் இவ்வளவு சின்னத் துகளையும் நன்றாகவே பிடிக்கும், இந்த மெல்லிய மாஸ்க்கில் கன்னத்துப் பக்கம் காற்று தாராளமாக உள்ளே போகும். ஸ்லரியின் டேட்டா ஷீட்டை, அதாவது அதில் என்ன இரசாயனம், என்ன ஆபத்து என்று சொல்லும் தாளை, மகளை விட்டுக் கேட்டு வாங்கச் சொன்னேன். எல்லாம் ஆங்கிலம். சிலிக்கா என்று இருக்கிறது, துகளின் அளவு எங்கேயும் இல்லை. இரசாயனங்களால் தொழிலாளிக்கு வரும் ஆபத்தை முதலாளி மதிப்பிட்டே ஆக வேண்டும் என்று நம் மலேசியாவில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. அந்த மதிப்பீட்டில் கர்ப்பிணி என்று ஒரு வரி இருக்கிறதா என்று மனிதவள அமைச்சு ஒருமுறை பாயான் லெப்பாஸ் பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கு அதிக வேதனை. நிறைய பெண்கள் நான்கைந்து மாதம்வரை வாயே திறப்பதில்லை. லைன் மாற்றினால் இரவு ஷிப்ட் அலவன்ஸ் போய்விடும், ஓவர்டைம் போய்விடும், மாதத்துக்குச் சில நூறு வெள்ளி குறையும். வீட்டுக் கடன், கார் கடன் இருக்கும்போது அந்தப் பணம் சின்ன விஷயமா? 2023-இலிருந்து 98 நாள் பேறுகால விடுப்பு கிடைக்கிறது, நல்லது. அதே மாதிரி கருவுற்றதாகச் சொன்ன அன்றே இடம் மாற்றி அலவன்ஸையும் குறைக்காமல் கொடுத்தால் யாரும் மறைக்க மாட்டார்கள்.

வீட்டிலும் நாம் கவனமாக இருக்க வேண்டும், அதை மறுக்கவில்லை. சீனா, மலேசியக் கொசுவர்த்திகளைச் சோதித்து 2003-இல் வெளிவந்த ஆய்வில், ஒரு சுருள் எரிந்து தீர்ந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்குச் சமம் என்று வந்தது. வாசகிகளே, கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்தி ஏற்றாதீர்கள், கொசுவலை கட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் சன்கிரீமில் நானோ இருக்கிறதாமே என்று பயந்து கேட்டாள். தோலில் பூசும் கிரீம் உள்ளே இறங்குவது மிகக் குறைவு, பயப்பட வேண்டாம், ஸ்பிரேயை மட்டும் தவிர்த்துவிடு என்றேன்.

அடுத்த வாரம் அரசாங்கக் கிளினிக்கில் மகளுக்குப் பதிவு. என் காலத்தில் புகை, சாப்பாடு, முந்தைய பிரசவம் எல்லாம் கேட்டார்கள், தொழில் என்ற இடத்தில் ஃபேக்டரி என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு விட்டுவிட்டார்கள். எந்தப் பகுதி, எந்த இரசாயனம் என்றும் கேட்டு எழுதும்படி சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை நானும் கூடப் போகிறேன். டேட்டா ஷீட்டை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், அவளுடைய கர்ப்பப் பரிசோதனைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே வைத்து நர்ஸிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
பிறை வாசகி